பெயரில்லாத பட்டன்கள்

ஜூன் 6, வியாழன்

'பாய்மரம்' ஐந்தாம் பதிப்பு இன்று வந்துவிட்டது. மத்தியானம் வங்கியின் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து போனில் இறக்கினேன். திறந்ததும் அலைச்சத்தம் கேட்டது. அதன்பிறகு விரலை எங்கே வைத்தாலும் போன் "பெயரில்லாத பட்டன்" என்கிறது. மேலே தொட்டால் பெயரில்லாத பட்டன், ஓரத்தில் தொட்டாலும் பெயரில்லாத பட்டன். நேற்றுவரை அதே இடங்களில் "கப்பல் ஏறு", "பாயை இறக்கு", "காற்றின் திசை" என்று ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்த விளையாட்டு இது.

கண் தெரியாதவர்கள் காதால் ஆடக்கூடிய விளையாட்டு தமிழில் இது ஒன்றுதான் எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக ஆடுகிறேன். எங்கள் கப்பலில் எட்டுப் பேர், எட்டுப் பேருக்கும் பார்வை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கிளம்புவோம். சேலம் துரைப்பாண்டிதான் கேப்டன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாக்கிவிடுவார்கள்.

ஜூன் 7, வெள்ளி

விளையாட்டைச் செய்யும் கோயம்புத்தூர் சுக்கான் ஸ்டுடியோ அறிவிப்புப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். போன் வாசித்ததை அப்படியே தருகிறேன்: "மாலுமிகளே, ஒலி வழிகாட்டியில் சிறு தடங்கல் இருப்பதை அறிந்தோம். எங்கள் குழு முழுமூச்சாக உழைத்து வருகிறது. கூடிய விரைவில் திருத்தம் வரும். சிவப்பு இதயம். கூப்பிய கைகள்."

பழைய பதிப்புக்குத் திரும்ப வழி இல்லை. கப்பல் உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் செய்தி போட்டுவைக்கும் பெட்டியையும் எடுத்துவிட்டார்கள். அது "அடுத்த பதிப்பில் புதுப் பொலிவுடன்" வருமாம்.

ஜூன் 9, ஞாயிறு

நாலு மணி. பெயரில்லாத பட்டன்.

துரைப்பாண்டிக்குப் போன் செய்தேன். அவனுக்கும் அதே கதை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். எல்லோருக்கும் அதே கதை. ஏலக்காவை மட்டும் கூப்பிட முடியவில்லை. அவள் எண் எங்கள் யாரிடமும் இல்லை. அதற்கு அவசியம் வந்ததில்லை.

ஜூன் 10, திங்கள்

விஷயத்தைத் தெளிவாக எழுதிவைக்கிறேன்.

ஏலக்கா என்பது விளையாட்டில் அவள் வைத்துக்கொண்ட பெயர். ஊர் போடிக்குப் பக்கம். ஒரு கிடங்கில் ஏலக்காய் தரம் பிரிக்கிறாள். கண் உள்ள பெண்களைவிட என் விரல் வேகம் என்று சொல்லிக்கொள்வாள். வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். கேள்வியைப் படித்துக் காட்டி, சொல்லும் பதிலைக் குறிக்க ஓர் ஆள் வேண்டும். ஸ்கிரைப் என்போம். அந்த ஆளை நாமேதான் கூட்டிப்போக வேண்டும். போன இரண்டு தடவையும் வருகிறேன் என்றவர்கள் காலையில் வரவில்லை, வாசலிலிருந்தே திரும்பியிருக்கிறாள். அண்ணன், "இந்தத் தடவையோட விட்டுரு" என்று சொல்லிவிட்டான்.

மே மாதம் கப்பலில் வைத்து, "ஸ்கிரைப் என் பொறுப்பு" என்று சொன்னேன். நானும் அப்படி எழுதித்தான் இந்த வேலைக்கு வந்தேன். எங்கள் கிளையின் சண்முகவடிவு மேடத்தின் அக்கா மகள் கார்குழலி, மதுரையில் பி.எஸ்சி. படிக்கிறாள். ஜூன் நாலாம் தேதி, வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கப்பலில் ஏலக்காவிடம் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

தேர்வு ஜூலை 21, மதுரையில். ஆறு வாரம் இருக்கிறது. பதற ஒன்றுமில்லை.

ஜூன் 13, வியாழன்

ஸ்டுடியோவுக்கு முதல் கடிதம் எழுதினேன். பதில் உடனே வந்தது. "உங்கள் கருத்துக்கு நன்றி. சிவப்பு இதயம்."

ஜூன் 16, ஞாயிறு

அக்காவைத் துணைக்குக் கூப்பிட்டேன். தூத்துக்குடியில் அக்கா மெற்றில்டா வீட்டு மாடியில்தான் எனக்கு அறை. மீன் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கினாள்.

"என்னல இது, கப்பலும் கடலுமா? நம்ம ஊருல கடல் இல்லன்னா இதுல போயி பாக்குத?"

"கப்பல் ஏறுன்னு எங்கயாவது எழுதியிருக்கா பாருக்கா."

"இருக்கு. அமுக்கட்டா?"

ஏறிவிட்டோம். கால் வைத்ததும் பலகை கிறீச்சிடும் சத்தம் வந்தது. கப்பலில் யாரும் இல்லை. யார் எப்போது கடைசியாக வந்தார்கள் என்ற பட்டியலை அக்கா வாசித்தாள். துரைப்பாண்டி ஜூன் 9, ஏறவில்லை. மின்மினியும் அப்படியே.

"ஏலக்கா ஜூன் 9, மூணு அம்பத்தெட்டுன்னு போட்டிருக்கு. ஏறலயாம். வாசல்லயே நின்னுருக்கு. ஜூன் 16, அதாவது இன்னிக்கும் போட்டிருக்கு. மூணு அம்பத்தஞ்சு."

ஐந்து நிமிடம் முன்பு அவளும் பெயரில்லாத பட்டன்களை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இதுல அவளுக்கு ஏதும் எழுதிப்போட முடியுமாக்கா?"

"ஒண்ணையும் காங்கல." போனைத் திருப்பிக் கொடுத்து, "ஏல, யாரு அந்த ஏலக்கா?" என்று கேட்டாள்.

பரீட்சை எழுதும் ஒரு பெண் என்றேன். அது உண்மைதான்.

ஜூன் 20, வியாழன்

புதிய அறிவிப்பு. புதுத் தீவுகளின் படங்களாம். கீழே நாற்பது பேர் "அருமை" என்று எழுதியிருக்கிறார்கள். ஒலி வழிகாட்டி என்ன ஆயிற்று என்று நானும் துரைப்பாண்டியும் கேட்டோம். "இறுதிக்கட்டத்தில் உள்ளது" என்று பதில்.

இறுதிக்கட்டம் என்றால் இன்னும் ஒரு வாரமாக இருக்கும்.

ஜூன் 24, திங்கள்

தேனி மாவட்டத்தில் பார்வையற்றோர் சங்கம் ஒன்று இருக்கிறது. எண் பிடித்துக் கூப்பிட்டேன். பேசியவர் தன்மையானவர்.

"பேரு என்னங்க?"

"ஏலக்கான்னு..."

"நெசப் பேரு சொல்லுங்க."

தெரியாது. வயது இருபத்தேழு என்றேன். ஏலக்காய்க் கிடங்கில் வேலை என்றேன். "போடியில எத்தன கிடங்கு இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமாங்க?" என்றார். விசாரிக்கிறேன் என்று சொன்னார். விசாரிப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டு வருடமாக ஞாயிறு தவறாமல் பேசியிருக்கிறோம். புயலில் சிக்கினால் அவள் குரல் எப்படித் தாழும் என்று தெரியும். சிரிக்குமுன் ஒரு முறை மூச்சு இழுப்பாள். பெயர் தெரியாது.

ஜூன் 30, ஞாயிறு

நாலு மணி. அக்கா ஜெபக் கூட்டத்துக்குப் போய்விட்டாள். திரையைக் கட்டம் கட்டமாக நானே தொட்டுப் பார்த்தேன். நாற்பத்தாறு பட்டன்கள். எதை அமுக்கினேனோ, ஏதோ ஒரு கடையில் கிளிக் கூண்டு வாங்கியிருக்கிறேன், ரசீது செய்தியாக வந்தது.

ஜூலை 3, புதன்

இன்று கோபத்தில் தவறு செய்துவிட்டேன்.

"ஒலி வழிகாட்டி பற்றிய கேள்விகளை இங்கே திரும்பத் திரும்பப் பதிவிட வேண்டாம், தகவல் இருந்தால் நாங்களே சொல்வோம்" என்று போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே எழுதினேன்: "ஒரு மாதமாகத் தகவல் இல்லை என்பதுதான் தகவல். முடியும், முடியாது, இந்தத் தேதி, இந்த வருஷம் இல்லை, ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லுங்கள். எங்கள் கப்பலில் ஒருத்தியின் பரீட்சை இதில் மாட்டிக்கிடக்கிறது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். "நீங்கள் எல்லாம் மனுஷர்களா" என்றும் எழுதினேன். பத்து நிமிடத்தில் என்னை அந்தப் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். இனி அறிவிப்பு வந்தால்கூட எனக்குத் தெரியாது. துரைப்பாண்டிதான் படித்துச் சொல்ல வேண்டும்.

வங்கியில் ஒரு பெரியவரின் பாஸ்புக்கை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டேன். மேனேஜர் திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

ஜூலை 8, திங்கள்

துரைப்பாண்டி போனில் கேட்டான்.

"ஏய்யா தனிஸு, எங்க ஆறு பேரு நம்பரையும் கேட்டுக் கேட்டு வாங்கி வெச்சிருக்க. அந்தப் புள்ள நம்பர மட்டும் ஏன் வாங்காம உட்ட?"

அவள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை என்றேன்.

"சரி" என்றான். துரைப்பாண்டி அவ்வளவு சுருக்கமாக எதற்கும் சரி சொல்பவன் அல்ல.

ஜூலை 10, புதன்

கார்குழலி கூப்பிட்டாள். ஸ்கிரைப் விண்ணப்பத்தில் ஒட்டப் போட்டோ எடுத்துவிட்டாளாம். "அந்த அக்கா எப்ப பேசுவாங்கண்ணா? பரீட்சை ஞாயித்துக்கிழமை வேற கல்யாணம் ஒண்ணு இருக்கு. கண்டிப்பான்னாத்தான் நான் அதுக்குப் போக மாட்டேன்."

"கண்டிப்பா" என்றேன். "சீக்கிரம் பேசுவாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என் வாயிலிருந்து வந்த 'சீக்கிரம்' காதில் விழுந்தது.

ஜூலை 14, ஞாயிறு

நாலு மணிக்கு அக்காவை வைத்து உள்ளே போனேன். ஏலக்கா இன்று வாசலுக்கு வரவில்லை. போன ஞாயிறும் வந்திருக்கவில்லை. கடைசியாக வந்தது ஜூன் 30.

நாலு ஞாயிறு காத்திருந்தாள், விட்டுவிட்டாள்.

திரையை அணைத்துவிட்டுத்தான் இதைத் தட்டச்சு செய்கிறேன். எனக்குத் திரை தேவையில்லை. அக்காவும் எட்டிப் பார்த்துப் படிக்க முடியாது. ஆகவே எழுதிவிடலாம்.

ஜனவரியில் அவள் கேட்டாள். மற்றவர்கள் இறங்கிப் போயிருந்தார்கள். "ஒங்க நம்பர் குடுங்களேன், சந்தேகம் இருந்தாக் கேட்டுக்குவேன்" என்றாள். "அப்புறம் தர்றேன்" என்றேன். பிப்ரவரியில் ஒருமுறை, "அந்த அப்புறம் வந்துருச்சா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். காற்று திரும்புகிறது, பாயைப் பார் என்று பேச்சை மாற்றினேன். மூன்றாம் முறை அவள் கேட்கவில்லை.

எண்ணைக் கொடுத்தால் அவள் கூப்பிடலாம். கூப்பிடாமலும் இருக்கலாம். அதை நினைத்துக்கொண்டு மேசையில் கிடக்கும் போனைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கப்பலில் அந்தப் பயம் இல்லை. ஞாயிறு நாலு மணிக்கு அவள் வந்துதான் ஆவாள். எனக்கு வயது முப்பத்தெட்டு. இருந்தபடியே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

இதில் பரீட்சைக்குச் சம்பந்தம் இல்லாததையெல்லாம் எழுதிவிட்டேன்.

ஜூலை 16, செவ்வாய்

துரைப்பாண்டி படித்துக் காட்டிய அறிவிப்பு: "ஒலி வழிகாட்டி விரைவில். காத்திருப்புக்கு நன்றி."

தேர்வுக்கு ஐந்து நாள்.

ஜூலை 17, புதன்

இரண்டு நாள் விடுப்புச் சொல்லிவிட்டேன். கோயம்புத்தூர் போகிறேன். அவள் எண் அந்த ஸ்டுடியோவிடம் இருக்கும். கணக்குத் தொடங்கும்போது எல்லோரும் கொடுத்ததுதான்.

அக்கா பையில் துணியை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"தனியாவா போற?"

"தனியாத்தான்."

"பேரு தெரியாத ஒரு புள்ளைக்காவ."

"பரீட்சைக்காவக்கா."

"ஆமா, பரீட்சைக்காவத்தான்." ஜிப்பை இழுத்து மூடினாள். "அந்த நீலச் சட்டைய வச்சிருக்கேன். அது ஒனக்கு நல்லாருக்கும்."

ஜூலை 19, வெள்ளி

கோயம்புத்தூர் பேருந்து நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஊர் பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். எதையும் விடாமல் எழுத வேண்டும்.

ஸ்டுடியோ பீளமேட்டில், ஒரு பேட்டரி கடைக்கு மாடி. ஆட்டோக்காரர் படிவரை கொண்டுவந்து விட்டார். பெரிய அலுவலகம், ஐம்பது பேர், வாசலில் காவலாளி என்றெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு வந்திருந்தேன். கதவைத் தள்ளியதும் ஒரு மின்விசிறிச் சத்தமும் ஒரே ஒரு கீபோர்டு சத்தமும்தான் கேட்டன. கீபோர்டு நின்றது.

"யாருங்க வேணும்?" ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

"பாய்மரம் ஆடுறவன். தூத்துக்குடியில இருந்து வாரேன்."

என் கைத்தடியைப் பார்த்திருப்பாள்.

"முன்னாடியே சொல்லீட்டு வந்திருக்கலாமுங்களே."

"பதினோரு தடவ எழுதியாச்சு. கருத்துக்கு நன்றின்னு பதில் வந்துச்சு. சிவப்பு இதயம்."

"அந்த இதயத்தப் போடறது நாந்தானுங்க" என்றாள். குரல் இறங்கிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

பெயர் மிருதுளா. அறிவிப்புகள் எழுதுவதும் கடிதங்களுக்குப் பதில் போடுவதும் அவள் வேலை. முதலாளி சம்பத் பெங்களூர் போயிருக்கிறார். உள்ளறையில் படம் வரைகிறவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள், எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"ஒலி வழிகாட்டி எப்ப வரும்? உண்மையச் சொல்லுங்க. வராதுன்னாலும் சரி."

"அண்ணா, நான் அதச் சொல்லக் கூடாதுங்க."

"இறுதிக்கட்டம்னு எழுதுனீங்களே."

"எழுதச் சொன்னாங்க." அவள் எழுந்து உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "அதுல யாரும் வேலை செய்யறதில்லீங்ணா."

புரியாமல் கேட்டேன். மறுபடி சொன்னாள். ஒலிப்பகுதி முழுவதையும் ஒரே ஆள் எழுதியிருக்கிறார். ஏப்ரலில் முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் எழுதியது மற்றவர்களுக்குப் பிடிபடவில்லை. ஐந்தாம் பதிப்பை அது இல்லாமலேயே கட்டிவிட்டார்கள். எடுத்துவிட்டோம் என்று சொன்னால் பெயர் கெட்டுவிடும். புது ஆள் கிடைக்கும்வரை "விரைவில்" என்று ஓட்டு என்றாராம் முதலாளி. ஆள் தேடவே இன்னும் ஆரம்பிக்கவில்லை.

ஆறு வாரமாக நான் காத்திருந்த வேலையை உலகத்தில் ஒருவர்கூடச் செய்துகொண்டிருக்கவில்லை.

கத்த வேண்டும் என்றுதான் வந்தேன். கத்த வரவில்லை. பரீட்சைக் கதையைச் சொன்னேன். அவள் எண் வேண்டும் என்றேன்.

"ஒருத்தர் நம்பர இன்னொருத்தருக்குத் தரக் கூடாதுங்ணா. அதுல மட்டும் என்னைய வற்புறுத்தாதீங்க. ஆனா அவங்க ஏதாவது எழுதியிருக்காங்ளான்னு பாக்கறேன்." தட்டினாள். "ஏலக்கா... ஒம்பது கடுதாசி இருக்குதுங்க."

"என்ன எழுதியிருக்கா?"

"யாரும் படிக்கலீங்ணா. ஒலின்னு வர்றதெல்லாம் தானாவே ஒரு பெட்டிக்குப் போயிரும். நன்றியும் தானாவே போயிரும்."

அவள் வாசிக்க ஆரம்பித்தாள். முதல் இரண்டும் பணிவானவை. மூன்றாவதில் பட்டன்கள் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்று எண்ணிப் பட்டியல் போட்டிருக்கிறாள். ஐந்தாவதை வாசிக்கும்போது மிருதுளா வேகத்தைக் குறைத்தாள்.

"'எங்கள் கப்பலில் தனிஸ் என்று ஒருவர் இருக்கிறார். எனக்கு ஸ்கிரைப் பார்ப்பதாகச் சொன்னார். சொன்னால் செய்வார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்ல முடியுமா? அவர் எண் என்னிடம் இல்லை. கேட்டேன், தரவில்லை.'"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மிருதுளா, "மிச்சமும் படிக்கட்டுங்களா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

"நான் கூப்புடறேன்" என்று அவளே சொன்னாள். "அவங்க சரின்னா ஃபோன உங்க கையில தர்றேன். வேண்டாம்னா வெச்சிருவேன். சரிங்களா?"

சரி என்றேன். ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்தது. எட்டு, ஒன்பது முறை அடித்திருக்கும். எடுத்ததும் முதலில் கேட்டது, எதையோ தகரத்தில் சலசலவென்று கொட்டும் சத்தம்.

"அலோ?"

"சுக்கான் ஸ்டுடியோவுல இருந்து பேசறனுங்க. பாய்மரம் விளையாட்டு..."

"இப்பத்தேன் காது கேட்டுச்சாக்கும்?"

அவள்தான். அந்தக் குரலைக் கப்பல் இல்லாமல், கடற்சத்தம் இல்லாமல் முதல்முறையாகக் கேட்கிறேன்.

"மன்னிச்சுக்குங்க. தனிஸ்னு ஒருத்தர் இங்க உக்காந்திருக்காருங்க. அவருகிட்டக் குடுக்கலாமுங்களா? உங்க நம்பர் அவருக்குத் தெரியாது."

தகரச் சத்தம் நின்றது.

"குடுங்க."

"ஏலக்கா" என்றேன்.

"ஸ்கிரைப் கெடச்சாச்சா இல்லையா?"

"கெடச்சாச்சு. ஜூன் நாலாந்தேதியே கெடச்சாச்சு. மதுரைப் புள்ள, கார்குழலின்னு. போட்டோ, ஃபாரம் எல்லாம் வச்சிட்டு ரெடியா இருக்கா."

"ஜூன் நாலு." அவள் மெதுவாகச் சொன்னாள். "நேத்து ஹால் டிக்கெட்டக் கிழிக்கப் போனேன். எங்கண்ணே, கிழிக்காத, பின்னாடி வெறும் பேப்பராத்தேன் இருக்கு, கணக்கு எழுதிக்கலாம்னுச்சு."

"இந்த ஆளுக ஒண்ணுமே சொல்லல. நான் ஆறு வாரமா..."

"அவங்கள விடுங்க. அவங்களுக்கு நான் யாரோ எவளோ. ஜனவரில ஒங்ககிட்ட நம்பர் கேட்டேன். அப்புறம்னீங்க. அந்த அப்புறத்த நம்பித்தேன் நான் ஒக்காந்திருந்தேன்."

மிருதுளா எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள், காலடி கேட்டது.

"தப்பு எம்மேலதான்" என்றேன்.

"சரி. அந்தப் பொண்ணு நம்பரச் சொல்லுங்க, ரெகார்டு போட்டுட்டேன்."

சொன்னேன். ஞாயிறு காலை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் கார்குழலி நிற்பாள் என்றேன். போடி பஸ் அங்கேதான் வரும். "வக்கிறேன், சரக்கு கெடக்கு" என்றாள். வைத்துவிட்டாள். என் எண்ணை அவள் கேட்கவில்லை. கொடுக்கும் துணிச்சல் அந்த நேரத்தில் எனக்கும் இல்லை.

கிளம்பும்போது மிருதுளா, "ஒரு நிமிஷம் இருங்ணா" என்றாள். ஏதோ தட்டினாள். நீண்ட நேரம் தட்டினாள். பிறகு வாசித்துக் காட்டினாள்.

"ஒலி வழிகாட்டியை ஐந்தாம் பதிப்பில் எடுத்துவிட்டோம். அது உடைந்துபோகவில்லை. அதைச் சரிசெய்ய இப்போது எங்களிடம் ஆள் இல்லை. ஆறு வாரமாக விரைவில் என்று சொன்னது உண்மை அல்ல. எப்போது வரும் என்று எங்களுக்குத் தெரியாது. உங்கள் கடிதங்களை நாங்கள் படிக்கவில்லை. இன்றிலிருந்து படிக்கிறேன். மிருதுளா."

"இதப் போட்டா உங்க வேலை?"

"தெரியலீங்ணா." ஒரே ஒரு தட்டு. "போட்டாச்சு."

சிவப்பு இதயம் இல்லை.

ஜூலை 20, சனி

கார்குழலி: "அந்த அக்கா பேசிட்டாங்கண்ணா."

இன்று வேறு ஒன்றும் எழுத முடியவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

காலை மாதா கோயில் பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று தெரியாது. ஒன்பது மணிக்கு, அவள் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டாள் என்று கார்குழலி செய்தி போட்டாள். பத்தரைக்கு, வாசலில் ஃபாரத்தில் ஏதோ கையெழுத்து இல்லை என்கிறார்கள் என்று ஒரு செய்தி. அதன்பிறகு அவள் போன் அணைந்துவிட்டது. போனை வெளியே வைத்துவிட்டுப் போயிருப்பார்கள், அல்லது திருப்பி அனுப்பியிருப்பார்கள். இரண்டில் எது என்று தெரியாமல் மூன்று மணி நேரம் மாடியில் நடந்தேன். அக்கா சோற்றை மேலே கொண்டுவந்து வைத்துவிட்டு, படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ஒன்றே முக்காலுக்குப் போன் அடித்தது.

"முடிஞ்சிருச்சுண்ணா! அந்தக் கையெழுத்துக்கு ஒரு மேடம் வந்து சரி பண்ணிட்டாங்க. நூறு கேள்வியில எழுபத்தெட்டு போட்டாச்சு. நாகஜோதி அக்கா என்ன ஸ்பீடு தெரியுமா? நான் கேள்விய முடிக்குமுன்ன பதில் சொல்லிடுறாங்க."

"யாரு?"

"நாகஜோதி அக்கா. அவங்கதானண்ணா?"

"ஆமா" என்றேன். "அவங்கதான்."

வேறு ஏதும் சொன்னார்களா என்று பொதுவாகக் கேட்டேன். வேறு ஒன்றும் சொல்லவில்லையாம்.

ஜூலை 25, வியாழன்

என்னை அறிவிப்புப் பக்கத்தில் மறுபடி சேர்த்துவிட்டார்கள். முதலாளி சம்பத் தன் பெயரில் எழுதியிருக்கிறார். மிருதுளாவின் பதிவுக்கு எண்ணூறு பதில்கள் வந்தனவாம். திட்டியவர்கள் பாதி, உதவட்டுமா என்று கேட்டவர்கள் பாதி. அந்த ஒலிப்பகுதி எழுதிய ஆளே, "பழைய நாலாம் பதிப்பைத் தனியாகத் திறந்துவிடுங்கள், எப்படி என்று சொல்லித் தருகிறேன்" என்று பதில் போட்டிருக்கிறார். ஆகஸ்ட் 4, ஞாயிறு மத்தியானத்திலிருந்து நாலாம் பதிப்பு திரும்பக் கிடைக்கும். புதுத் தீவுகள் எங்களுக்கு இல்லை. பரவாயில்லை.

மிருதுளாவுக்கு எழுதிக் கேட்டேன். "இந்த மாசக் கடைசி வரைக்கும் வேலை இருக்குங்ணா. அப்புறம் தெரியாது" என்று பதில். எங்கள் வங்கியில் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கிறார்கள், விவரத்தை அனுப்பியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மூன்றரைக்கே போனைக் கையில் எடுத்துவிட்டேன். "கப்பல் ஏறு" என்று வாசித்தது. அமுக்கினேன்.

துரைப்பாண்டி ஏற்கெனவே உள்ளே இருந்தான். மின்மினி வந்தாள். ஒவ்வொருவராக ஏற ஏற எல்லோரும் கூச்சல் போட்டார்கள். மூன்று ஐம்பத்தெட்டு ஆயிற்று. நாலு ஆயிற்று. துரைப்பாண்டி நங்கூரத்தை எடுக்காமல் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தான். நாலு ஐந்துக்கு, "எடுக்கட்டுமா தனிஸு?" என்று கேட்டான். எடு என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஏலக்கா ஏறினார்" என்றது போன்.

எல்லோரும் அவளைப் பரீட்சை பற்றிக் கேட்டார்கள். "நல்லாத்தேன் எழுதிருக்கேன். வந்தாத் தெரியும்" என்றாள். எனக்கென்று எதுவும் சொல்லவில்லை. கப்பல் கிளம்பியது. காற்று வலதுபுறமிருந்து வந்தது. இறங்கும்போது தனியாகச் சொல்லலாம், எல்லோரும் போகட்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது.

"ஏலக்கா, என் நம்பர் சொல்லுதேன், எழுதிக்கிடு" என்றேன்.

நான் ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னேன்.

"எல்லாருக்கும் முன்னாடி சொல்றீங்க" என்றாள்.

"எல்லாருக்கும் முன்னாடிதான்."

அவள் திருப்பிச் சொன்னாள். கடைசிக்கு முந்தின இலக்கத்தை ஆறு என்றாள். ஒன்பது என்று திருத்தினேன். துரைப்பாண்டி இருமினான், சிரிப்பை அடக்குகிறானாம்.

"தனிஸ்."

"சொல்லு."

"சீக்கிரம் கூப்புடுறேன்னெல்லாம் சொல்ல மாட்டேன். புதன்கெழம, கிடங்கு விட்டு வந்து, ஆறு மணிக்குக் கூப்புடுறேன். முடியலேன்னா ஆறு மணிக்கு முன்னாடியே முடியலேன்னு சேதி போடுவேன்."

"சரி" என்றேன்.

"எம்பேரு நாகஜோதி" என்றாள், எனக்குத் தெரியாதது போல. நானும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

புதன்கிழமை ஐந்தரைக்கே கிளம்ப வேண்டும் என்று மேனேஜருக்கு இப்போதே செய்தி அனுப்பிவிட்டேன். எதற்கு என்று கேட்டிருக்கிறார். ஒரு போன் வருகிறது என்று பதில் எழுதினேன்.